மணி அடித்தால் யார் முதலில் பேசுவது

எங்கள் தோட்டத்துக்கு டெலிபோன் வந்த கதையைக் கேட்டவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களைப் பிடித்து உட்கார வைத்தும் சொல்லியிருக்கிறேன். ஐம்பத்து மூன்றாம் வருஷம். நான் அப்போது தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். டிக்கோயாவிலிருந்து ஏறி வந்தால் முதலில் ஆபீஸ், அதற்கு மேலே தேயிலை, எல்லாவற்றுக்கும் மேலே மரங்களுக்கு நடுவில் வெள்ளைக்காரத் தொரையின் பங்களா.

பங்களாவுக்கும் ஆபீசுக்கும் நடுவில் ஆண்டியப்பன் இருந்தார். தப்பால்காரர். தொரை ஒரு துண்டுச் சீட்டு எழுதுவார், ஆண்டியப்பன் அதைத் தோல்பையில் போட்டுக்கொண்டு இறங்குவார். பெரிய கிளாக்கர் மரியநாயகம் பதில் எழுதுவார், ஆண்டியப்பன் ஏறுவார். தோட்டம் இப்படித்தான் நடந்தது, ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. கொழும்பில் இருந்த கம்பெனிக்காரர்களுக்குத்தான் அது பொறுக்கவில்லை. மற்றத் தோட்டங்களில் எல்லாம் போன் இருக்கிறது, உங்கள் தோட்டத்தில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டு, இரண்டு பெட்டிகளை ரயிலேற்றி விட்டார்கள். ஒன்று பங்களாவுக்கு, ஒன்று ஆபீசுக்கு. கூடவே றோலண்ட் என்ற மெக்கானிக்கும் ஹட்டன் ஸ்டேஷனில் வந்து இறங்கினான். நம்ம பக்கத்து ஆள்தான், வட்டவளையில் பிறந்து கொழும்பில் தொழில் பழகியவன்.

பெட்டிகளைப் பார்த்த அன்றே தொரை ஒரு உத்தரவு போட்டார். போன் வேலை செய்கிற நாளோடு தப்பால் வேலை முடிந்தது. ஆண்டியப்பனின் பேரை வெட்டிவிட வேண்டும். இதை அவர் கோபத்தில் சொல்லவில்லை, சுருட்டுப் பற்ற வைத்துக்கொண்டே சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம்.

பேர் வெட்டுவது என்றால் என்னவென்று தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும். செக்ரோல் என்பது ஆள் கணக்குப் புத்தகம், அதில் முழுப்பேர் விழுந்தால் அன்றைக்கு முழு நாள் கூலி. அதில் பேர் இல்லாதவனுக்கு வேலை இல்லை, அரிசி இல்லை, லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை. ஆண்டியப்பனுக்கு வேறு வேலை கொடுக்கவும் வழியில்லை. தேயிலை ஸ்டோரில் கொழுந்து உருட்டும் ரோலருக்குள் வலது கையைக் கொடுத்து நான்கு விரல்களை இழந்த மனிதர் அவர். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்க முடியாது, மண்வெட்டி பிடிக்க முடியாது. பை சுமக்கலாம், நடக்கலாம். மனைவி அம்மாக்கண்ணு கொழுந்து பறித்தாள் என்றாலும் காம்பரா புருஷன் பேரில்தான் இருந்தது. அவர் பேர் போனால் அவளும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இரண்டு பேரும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். மரியநாயகம் தலையைத் தூக்கவே இல்லை. தொரை உத்தரவு தொரை உத்தரவுதான், அதில் ஒரு புள்ளியைக்கூடத் தன்னால் மாற்ற முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். இந்த மனுஷனுக்கு நெஞ்சுக்குள் இருப்பது இதயமா, ரப்பர் ஸ்டாம்பா என்று எனக்கு வந்த எரிச்சலில் அன்று சோறு இறங்கவில்லை.

மரியநாயகம் அப்படிப்பட்டவர். வெயிலோ மழையோ, கறுப்புக் கோட்டின் பொத்தான்கள் எல்லாம் பூட்டியிருக்கும். தொரைக்கு முன்னால் அவர் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. தொரைக்கு முந்தி அவர் வாய் திறந்ததையும் யாரும் கேட்டதில்லை. எங்கள் தோட்டத்துச் சட்டம் அது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களமானாலும் ஆபீசானாலும் தொரை வந்தால் எழும்பி நிற்க வேண்டும், கையால் சலாம் வைக்க வேண்டும், தொரை பேசுகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அவசரப்பட்டு முந்திப் பேசிய ஒரு கணக்கப்பிள்ளை அடுத்த மாதமே வேறு தோட்டம் தேடிப் போனார்.

றோலண்ட் தேயிலைக்கு நடுவே கம்பம் நட்டுக் கம்பி இழுத்தான். கைபிடியைச் சுற்றினால் மறுபக்கம் மணி அடித்தது. அவன் பங்களாவிலிருந்து பேசினான், நான் ஆபீசிலிருந்து பேசினேன். அவன் தொண்டையைச் செருமியதுகூடக் கேட்டது. சரி, இனித் தொரையே பேசிப் பார்க்கட்டும் என்று முடிவாயிற்று.

மணி அடித்தது. மரியநாயகம் எழும்பினார். கோட்டைச் சரி செய்தார். இடது கையால் போனைக் காதில் வைத்து, வலது கையால் சுவரைப் பார்த்து ஒரு சலாம் வைத்தார். பிறகு தொரை பேசட்டும் என்று காத்து நின்றார். நானும் நின்றேன். வெளியே தேயிலை மூட்டை ஏற்றிய லொறி ஒன்று போய் மறைந்தது. மரியநாயகம் அப்படியே நின்றார். கடைசியில் அந்தப் பக்கம் போனை வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஆண்டியப்பன் மூச்சிரைக்க ஒரு துண்டோடு வந்தார். போன் வேலை செய்யவில்லை என்று தொரை எழுதியிருந்தார்.

விஷயம் இதுதான். மணி அடித்தால் போனை எடுக்கிறவர்தான் முதலில் பேச வேண்டும் என்று பெட்டியோடு வந்த அச்சடித்த அட்டையில் போட்டிருந்தது. தொரை அதைப் படித்திருந்தார். அதனால் அவர் அங்கே காத்திருந்தார். மரியநாயகம் தோட்டத்துச் சட்டப்படி இங்கே காத்திருந்தார். நடுவில் கம்பி மட்டும் சும்மா தொங்கியது.

பாவம் றோலண்டுக்கு இது தெரியாது. அவன் பேட்டரியை மாற்றினான், பெட்டியைக் கழற்றிப் பூட்டினான், பிறகு மண்ணில்தான் கோளாறு என்று தீர்மானித்தான். போனின் மின்சாரம் மண்ணுக்குள் இறங்குவதற்காக ஆபீசுக்குப் பின்னால் அடித்து வைத்திருந்த இரும்புக் கம்பிக்குக் காலையும் மாலையும் உப்புத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினான். கொழும்பிலிருந்து வந்த ஆள் குளித்துவிட்டு வந்து ஒரு கம்பிக்குத் தண்ணீர் ஊற்றினால் லயத்துச் சனம் என்ன நினைக்கும்? மறுநாளே கம்பிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். அம்மாக்கண்ணு தினமும் செம்பருத்திப் பூ வைத்துக் கண்ணை மூடி நின்றாள். போன் நல்லபடியாகப் பேச வேண்டும் என்றுதான் கும்பிடுகிறாள் என்று நினைத்து றோலண்ட் அவளுக்கு நன்றி சொன்னான். அவள் என்ன கேட்டுக் கும்பிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் முறையும் மணி அடித்தது. மரியநாயகம் சுவருக்குச் சலாம் வைத்தார், காத்து நின்றார், துண்டு வந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சேர், மணி அடிச்சா எடுக்கிறவங்கதான் முதல்ல பேசணுமாம். அதுதான் வழக்கமாம்."

"யாரு வழக்கம்?"

"போன் வழக்கம், சேர்."

"போனு போன வாரம் வந்தது, தம்பி. நான் இருபது வருஷத்துக்கு மேல தொரைமாருக்கிட்ட வேலை செய்றேன். மொகம் தெரியலங்கிறதுக்காக மரியாதைய விட்டுற முடியுமா?"

இதை றோலண்டிடம் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு மேலே போய், தொரையையே முதலில் பேசச் சொன்னான். தொரை அச்சடித்த அட்டையை எடுத்துக் காட்டினார். அதோடு, கிளாக்கருக்கு முந்தி ஹலோ சொல்வதற்காகத் தான் கடல் தாண்டி வரவில்லை என்றும் சொன்னாராம். ஆனால் றோலண்ட் கெஞ்சியதில் மனமிரங்கி, மணி அடித்ததும் நீரே முதலில் பேசலாம் என்று மரியநாயகத்துக்கு அனுமதித் துண்டு ஒன்று எழுதினார்.

மரியநாயகம் அதை இரண்டு தரம் படித்தார். பேசலாம் என்று இருந்தது, என்ன பேசலாம் என்று இல்லை. விளக்கம் கேட்டு எழுதினார். ஆண்டியப்பன் ஏறினார். எதையாவது பேசும் என்று பதில் வந்தது. எதையாவது பேசுகிற பழக்கம் மரியநாயகத்துக்குக் கிடையாது. காலை வணக்கம், தங்கள் பணிவுள்ள பெரிய கிளாக்கர் பேசுகிறேன், ஆபீசில் எல்லாம் நலம் என்று நல்ல இங்கிலீஷில் ஒரு வசனம் எழுதி, சம்மதம் கேட்டு அனுப்பினார். ஆண்டியப்பன் மறுபடி ஏறினார். இதற்கிடையில் பொறுமையிழந்த தொரை மணியை அடித்துக்கொண்டே இருந்தார். சம்மதம் வராததால் மரியநாயகம் போனைத் தொடவில்லை. மணி ஓயும் வரைக்கும் அதற்கு முன்னால் விறைத்து நின்றார். சம்மதம் வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. காலை வணக்கம் என்று எழுதியது தப்பாகிப்போனதால், திருத்தம் கேட்டு இன்னொரு துண்டு எழுதத் தொடங்கினார்.

ஆண்டியப்பன் படியில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை.

"ஐயா, இந்த போனு வந்ததுல இருந்துதாங்க எனக்கு இடுப்பு ஒடியுது."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தத் திருத்தத் துண்டைப் பார்த்ததும் தொரை பூச்சாடி ஒன்றை உடைத்ததாகப் பங்களாச் சமையல்காரர் நல்லமுத்து பிறகு சொன்னார். உடைத்துவிட்டு இறங்கி வந்தார், அதாவது மனசளவில் இறங்கி வந்தார். நாளைக் காலை பெரட்டு முடிந்ததும் தானே முதலில் பேசுவதாக றோலண்டிடம் சொல்லி அனுப்பினார். ஒரே ஒரு தரம். அதற்கும் பதில் வராவிட்டால் அந்தச் சனியனை மூட்டை கட்டலாம்.

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். தொரை பேசினால் மரியநாயகம் பதில் சொல்வார். சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. லயத்திலும் எல்லோருக்கும் இது தெரிந்துவிட்டது.

காலையில் ஆண்டியப்பன் வந்தார். தோல்பையைத் துடைத்துச் சுத்தமாக்கிக் கொண்டு வந்திருந்தார், திருப்பிக் கொடுப்பதற்கு. வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ஆபீசுக்குப் பின்னால் அம்மாக்கண்ணு கொழுந்துக் கூடையோடு கம்பிக்கு முன்னால் நின்றாள். மலைக்குப் போக நேரமாகியும் போகவில்லை. றோலண்ட் மேலே தொரையோடு இருந்தான்.

மணி அடித்தது. மரியநாயகம் எழும்பினார், கோட்டைச் சரி செய்தார், போனைக் காதில் வைத்தார், சுவருக்குச் சலாம் வைத்தார்.

தொரையின் குரல் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. அவர் இங்கிலீஷில், மரியநாயகம், கேட்கிறதா என்றார். வாசலுக்கு அப்பால் நின்ற ஆண்டியப்பனுக்குக் கேட்டிருக்காது.

மரியநாயகத்தின் வாய் திறந்தது. திறந்த வாயோடு அவர் வாசலைப் பார்த்தார். அந்தச் சுத்தமான பையையும், அதைப் பிடித்திருந்த ஒற்றைக் கட்டைவிரலையும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

மரியநாயகம், இருக்கிறீரா என்று தொரை மறுபடி கேட்டார். குரலில் கோபம் ஏறியிருந்தது. பெரிய கிளாக்கர் மரியநாயகம் பின்பக்கமாகக் கையை நீட்டி நாற்காலியைத் தடவி இழுத்து, தொரை பேசிக்கொண்டிருக்கும்போதே அதில் உட்கார்ந்தார். தொரை இன்னும் என்னவோ சத்தம் போட்டார். மரியநாயகம் போனை மெதுவாக அதன் இடத்தில் வைத்தார்.

"ஒரு சத்தமும் இல்ல" என்றார்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. மணி மறுபடி அடித்தது. அது பாட்டுக்கு அடிக்க, அவர் ஒரு துண்டு எடுத்து, மணி கேட்கிறது, குரல் கேட்கவில்லை என்று தன் அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதி முடித்து நீட்டியபோது குரல் பழையபடி ஆகிவிட்டது.

"என்னடா மரம் மாதிரி நிக்கிற? தொரை காத்துக்கிட்டு இருக்காரு. கொண்டு போய்க் குடு."

ஆண்டியப்பன் துண்டை வாங்கிப் பையில் போட்டார். என்னைப் பார்த்தார். நான் மேட்டைக் கைகாட்டினேன். அவர் ஓட்டமும் நடையுமாக ஏறினார்.

மத்தியானத்துக்கு முன்பே பதில் வந்துவிட்டது. போன் உதவாது, தப்பால் வழக்கம்போல் நடக்கட்டும் என்று. துண்டோடு றோலண்டும் இறங்கி வந்தான். வந்தவன் நேராகப் போய்க் கைபிடியைச் சுற்றினான். மேலே நல்லமுத்து எடுத்து, யாருங்க பேசுறது என்று கத்தியது ஆபீஸ் முழுக்கக் கேட்டது. றோலண்ட் போனை வைத்துவிட்டுத் திரும்பி மரியநாயகத்தைப் பார்த்தான். அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மண்ணுதானே கோளாறு?" என்று கேட்டார்.

றோலண்ட் தன் கருவிகளைப் பையில் போட்டான். "ஆமாங்க சேர், மண்ணுதான்" என்றான். அப்படியே கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினான்.

அந்த மனிதரின் காலில் விழ வேண்டும் போல எனக்கு இருந்தது. விழுந்திருந்தால் ஏசியிருப்பார். அதனால் சும்மா அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன தம்பி பாக்கிறீங்க?" என்றார் மரியநாயகம். "செக்ரோல எடுங்க. ஆண்டியப்பனுக்கு இன்னைக்கு முழுப்பேர் போடுங்க."