காளான் அறையும் மாப்பிள்ளையின் தூக்கமும்

மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு சுவர். அதற்கு இந்தப் பக்கம் மாமியாரின் காளான் அறை, அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் கட்டில். சுவரோடு சேர்த்துத் திருகிய பலகையில் உட்கார்ந்திருந்த எக்ஸாஸ்ட் ஃபேன், அறைக்குள் தேங்கும் காற்றைத் தகரக் குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு நாள் முழுக்க ஊளையிட்டது. பலகை கடகடக்கும், குழாய் ஒத்து ஊதும். டிக்கெட் இல்லாத கச்சேரி.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். ராத்திரி ஷிஃப்ட். ஊர் எழுந்து பல் துலக்கும்போது வீட்டுக்கு வந்து படுப்பவர். மகள் பஸ் ஓட்டுகிறவள். விடியுமுன்னே டிப்போவுக்குக் கிளம்பிவிடுவாள். ஆகவே பகலில் அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர்: மாமியாரும் மாப்பிள்ளையின் தூக்கமும்.

அந்த அறையைக் கொடுத்ததே மாப்பிள்ளைதான். கணவர் போன பிறகு மகள் வீட்டுக்கு வந்த மாமியார், சாப்பிடு என்றால் சாப்பிட்டு, படு என்றால் படுத்து, பொம்மை மாதிரி இருந்தார். பழைய சாமான் கிடந்த அறையை ஒழித்துக் கழுவிவிட்டு, "இது உங்க அறை அத்தை. என்ன தோணுதோ பண்ணுங்க" என்றார் மாப்பிள்ளை. ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து சிப்பிக் காளான் போட்டார் மாமியார். வைக்கோல் அடைத்த பைகளை உறி போலத் தொங்கவிட்டார். பையின் ஓட்டைகளில் காளான் கொத்துக் கொத்தாய் எட்டிப் பார்த்த அன்று, வெகுநாள் கழித்து அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பலகையைத் தன் கட்டில் தலைமாட்டுக்கு நேராகத் திருகியதும் மாப்பிள்ளையேதான். தன் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

ஒரு நாள் காலையில் மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்தார் மாமியார். மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தது.

"ஃபேன் சத்தத்துல தூக்கம் வரலையா மாப்பிள்ளை?"

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே அத்தை."

அடுத்த தெருவுக்கே கேட்கிற சத்தம் தலைமாட்டில் இருப்பவருக்குக் கேட்கவில்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று மாமியாருக்கு நெஞ்சு கனத்தது. அறை கொடுத்த மனுஷனின் தூக்கத்தையா நான் திருடுவது? அன்று அவர் படுத்ததும் சத்தம் போடாமல் போய் ஃபேனை நிறுத்தினார். தினமும் அப்படியே செய்தார்.

காளான் கோபித்துக்கொண்டது. காற்றோட்டம் இல்லாத அறையில் குடை சுருங்கிப்போய், தண்டு மட்டும் நீண்டு நீண்டு வளர்ந்தது. வழக்கமாக வாங்கும் ஹோட்டல் சமையல்காரர் கூடையைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, காளான் கேட்டா முருங்கைக்காய் கொண்டாந்திருக்கீங்க?" என்றார்.

மாமியார் பழைய போர்வையால் ஃபேனைச் சுற்றிப் பார்த்தார். மோட்டார் சூடேறித் தீய்ந்த வாடை வந்ததும் பதறிப்போய்ப் பிரித்தார். கடைசியில் ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று ஒரு வழி கண்டுபிடித்தார். கொஞ்ச நேரம் காளானுக்காக ஓட்டுவது, கொஞ்ச நேரம் மாப்பிள்ளைக்காக நிறுத்துவது. நாள் முழுக்க ஸ்விட்சும் கையுமாக அலைந்தார்.

காளான் கொஞ்சம் தேறியது. மாப்பிள்ளை தேறவில்லை. காபியில் உப்பைப் போட்டுக் கலக்கி, குடித்தும் விட்டார். "நேத்து வார்டுல நின்னுக்கிட்டே தூங்கிட்டாராம்மா. பக்கத்துல இருந்தவங்க தட்டி எழுப்பினாங்களாம்" என்று மகள் சொன்னாள். கரணம் தப்பினால் மரணம் என்கிற இடத்தில் வேலை பார்ப்பவர். காளான் போனால் மயிரே போச்சு, அறையை மூடிவிட வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டார் மாமியார்.

அப்படிச் சொன்னது வாய்தான். மறுநாள் மாப்பிள்ளை படுத்ததும் ஃபேனை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, பைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கும்போது கண்ணில் நீர் தாரை தாரையாகக் கொட்டியது. இந்த வீட்டில் இது ஒன்றுதான் அவருடையது.

வாசலில் நிழல் தட்டியது. மாப்பிள்ளை கலைந்த தலையோடு நின்றார்.

"என்ன அத்தை பண்றீங்க?"

"மூடிடறேன் மாப்பிள்ளை. உங்க தூக்கத்தைவிட இது பெருசா?"

"ஃபேன் ஏன் நின்னுச்சு? தினமும் ஏன் நின்னு நின்னு ஓடுது? ரிப்பேரா?"

"நான்தான் நிறுத்தறேன். நீங்க தூங்கணும்னு."

மாப்பிள்ளை அப்படியே கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை... எங்க வார்டுல மெஷின் ஓடற வரைக்கும் பயமில்ல. சத்தம் நின்னாதான் ஓடணும். அது உடம்புல ஊறிப்போச்சு. இந்த ஃபேன் நின்னாலே தூக்கிவாரிப் போட்டு எழுந்துடறேன். மறுபடி ஓடற வரைக்கும் கண்ணை மூட முடியல."

"அப்ப அன்னைக்குக் கண்ணு சிவந்திருந்ததே?"

"ராத்திரியெல்லாம் முழிச்சவன் கண்ணு பின்ன வெள்ளையாவா இருக்கும்?"

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதையால்ல ஆயிடுச்சு! வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாப்பிள்ளை?"

"நீங்க மனசு கஷ்டப்படுவீங்களோன்னு..." என்று இழுத்தவர், தயங்கித் தயங்கி உண்மையின் மிச்சத்தையும் சொன்னார். "கட்டில்தான் கொஞ்சம் அதிருது. பல்லெல்லாம் கிடுகிடுங்குது."

மாமியார் ஃபேனைப் போட்டுவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுவர் நடுங்கியது. "சத்தம் காத்துல வரல மாப்பிள்ளை. பலகை வழியா சுவருக்குள்ள போகுது."

"எங்க மெஷினுக்கெல்லாம் அடியில ரப்பர் வச்சிருப்பாங்க" என்றார் மாப்பிள்ளை.

அன்று தூக்கம் எங்கே வந்தது? பலகையைக் கழற்றினார்கள். பழைய சைக்கிள் டியூபை நீளநீளமாக வெட்டி, கூரைக் கொக்கியில் ஃபேனைத் தூளி மாதிரி எதிலும் படாமல் கட்டித் தொங்கவிட்டார்கள். தகரக் குழாயைத் தூக்கி எறிந்துவிட்டு, பஞ்சு சுற்றிய வளையும் குழாயை மாட்டினார்கள். ஒரு ரெகுலேட்டர் வாங்கி வேகத்தைக் குறைத்தார்கள். மெதுவாக, ஆனால் நிற்காமல் ஓடட்டும். பைகளைத் திரும்பக் கட்டும்போது மாப்பிள்ளை போட்ட முடிச்சுகள் ஒன்றும் உருப்படியில்லை. மாமியார் அதை வாய்விட்டே சொன்னார். மாப்பிள்ளையும் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த வாரம் மகளுக்கு லீவு. நல்ல பகலில் காளான் அறைக்குள் வந்தவள் காதைத் தீட்டினாள். ஃபேன் 'ம்ம்ம்' என்று முனகியது, அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் ஏற்றமும் இறக்கமுமாக, நடுநடுவே விசிலும் சேர்த்து, குறட்டை இறங்கி வந்தது. இத்தனை நாளும் ஃபேனின் ஊளைக்குள் ஒளிந்துகொண்டிருந்த குறட்டை.

"அய்யோ, இது ஃபேனே தேவலையேம்மா!" என்றாள் மகள். "மிச்சப் பஞ்சு இருக்கா? இதையும் அடைச்சுடலாம்."

மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காளான் பறித்துக்கொண்டிருந்தார். குடைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தன.

"அந்தச் சத்தத்துல கை வச்சே... நடக்கறதே வேற" என்றார். "போடி அந்தப் பக்கம். அது நின்னா எனக்கு வேலை ஓடாது."