மூணாவது மாடிப் பட்டை

பதினோராயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். லாட்ஜ் கட்டிய கூலியில் முதலாளி சகாதேவன் மேஸ்திரி தசரதனுக்கு நிறுத்தி வைத்திருந்த பாக்கி அது. பௌர்ணமி போகட்டும், ஆடி போகட்டும் என்று ஒரு வருஷமாகத் தள்ளிக்கொண்டே வந்தவர், இப்போது புதுசாக ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார். புறா.

"உன் புறாங்கள கூட்டிக்கினு போ மேஸ்திரி. அப்புறமா பாக்கி கேளு."

"என் புறாவா? நானாங்க வளக்குறேன்?"

"பின்ன? கீழ ரெண்டு மாடியில ஒண்ணாவது குந்துதா? நீ கட்டுன மூணாவது மாடியிலதான் குடும்பம் நடத்துதுங்க. கிரிவலம் வந்த பெங்களூர்க்காரரு தலையிலயே போட்டுச்சு. அந்தாளு போன்ல ஒத்த ஸ்டார் போட்டுட்டுப் போய்ட்டான்."

தசரதன் மனசுக்குள் கணக்குப் போட்டான். திங்கட்கிழமைக்குள் மகள் எழிலரசிக்கு நர்சிங் காலேஜில் பத்தாயிரம் கட்டியாக வேண்டும். இது தெரிந்துதான் ஆள் வேடிக்கை பார்க்கிறாரோ என்று பட்டது. கீழ் மாடிகளைக் கட்டிய மேஸ்திரிக்கு முழுக்கூலியும் போய்ச் சேர்ந்துவிட்டதாம். அவன் மாடிக்குப் போகாத புறா என் மாடிக்கு மட்டும் ஏன் வருகிறது? யாரோ தீனி போடுகிறார்கள். பாக்கியை முழுங்க, சகாதேவனே போடச் சொல்லியிருப்பார்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. காலை ஆறு மணிக்கே லாட்ஜுக்கு எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டான். ஏழு மணிக்கு, லாட்ஜில் பெருக்கிக் கழுவும் கன்னியம்மாள் ஒரு முறத்தோடு மொட்டை மாடி ஏறினாள். தசரதன் டீயை அப்படியே வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினான்.

"முறத்துல இன்னாம்மா? அரிசியா?"

அவள் முறத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். முறம் நிறையக் காய்ந்த எச்சம்.

"மோந்து பாரு, பொன்னி அரிசியான்னு. டெய்லி இத வாரி வாரி என் இடுப்பே போச்சு. அதுங்களுக்கு நான் சோறு வேற போடுவனா? கட்டுனவன் கையில வெளங்காத கட்டடம்யா இது."

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தான். ஜன்னல்களுக்குக் கீழே, அழகுக்காக, ஒவ்வொரு மாடியிலும் ஒரு பட்டை ஓடியது. ஒரு புறா இரண்டாவது மாடிப் பட்டையில் வந்து இறங்கியது. கால் சறுக்கியது. இறக்கையை அடித்துச் சமாளித்துப் பார்த்தது, மறுபடி சறுக்கியது. பிறகு எழும்பி மூணாவது மாடிக்கு வந்து, சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்தது. கீழ்ப்பட்டையின் மேல்பக்கம் கூரை மாதிரி சரிந்திருந்தது. இவனுடையது பலகை மாதிரி சமமாக இருந்தது. ரசமட்டம் வைத்து, உள்ளே இருக்கிற குமிழி இம்மி நகராமல் பூசிய பட்டை. எங்கேயும் அவன் அப்படித்தான் பூசுவான். இந்த ஊரில் சுவரில் ஒரு பட்டை இழுத்தால் கார்த்திகை தீபத்தன்று அதில் அகல் வைக்க வேண்டும், வைத்த அகல் சாயக்கூடாது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, கைக்கே தெரியும். போன தீபத்துக்கு வைத்த அகல்களின் எண்ணெய் வட்டங்கள் வரிசையாகக் கறுத்துக் கிடந்தன. வட்டத்துக்கு வட்டம் ஒரு புறா.

கீழ்ப்பட்டையை ஏன் சரித்தார்கள் என்று பார்க்க ஸ்டோர் ரூமுக்குப் போனான். அங்கே பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் பிளான் சுருட்டிக் கிடந்தது. போன வருஷம் எஞ்சினியர் அதை விரித்து வைத்து "புரியுதா?" என்று கேட்டபோது, "தெரியும் சார்" என்று தலையாட்டியவன் அவன். அப்போது அது அவனுக்கு எறும்பு ஊர்ந்த தடம். இந்த வருஷம்தான், ஐம்பத்திரண்டு வயசில், ராத்திரி வகுப்பில் பேரப்பிள்ளை எடுத்தவர்களோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டப் படித்திருந்தான். ஓரத்தில் இருந்ததை விரல் வைத்துக் கூட்டினான். பட்டை மேல் சரிவு. புறா உட்காரக் கூடாது.

"இன்னா எழுதியிருக்கு?" என்றாள் வாசலில் நின்ற கன்னியம்மாள்.

"ஒண்ணுமில்ல. சிமெண்ட் கணக்கு."

சுருட்டிப் பழைய இடத்திலேயே செருகிவிட்டு மூன்று படி இறங்கினான். நான்காவது படியில் கால் நின்றது. சகாதேவன் இதைப் படிக்காமலா இருப்பார்? காசு போட்டுக் கட்டின மனுஷன். எல்லாம் தெரிந்துகொண்டு, நாளைக்கு நாலு பேர் எதிரில் எடுத்து நீட்டக் காத்திருக்கிறார். மானம் போகிறதுக்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் பாதியாவது தேறும். திரும்பி ஏறி, பிளானை எடுத்துக்கொண்டு போய் சகாதேவன் மேஜையில் வைத்தான்.

சகாதேவன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"இத நான் பாக்கவே இல்லியே."

தசரதன் கை பிளானைத் திரும்பச் சுருட்டப் போனது. பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாலேயே விட்டிருக்கலாம்.

"தப்பு உன்னுதுன்னு நீயா வந்து ஏன்யா சொல்ற? இதுல வேற இன்னா வச்சிருக்க?"

"ஒண்ணும் வைக்கலீங்க. மூணு நாளுல சரிவா பூசித் தரேன். சிமெண்ட் நீங்க குடுங்க. அந்த மூணு நாள் கூலி மூவாயிரத்து முந்நூறு, அதப் பாக்கியில கழிச்சிக்குங்க. மீதிய ஞாயித்துக்கெழம கையில குடுத்துடணும்."

"புறா போனாத்தான்."

"போவும்."

மூன்று நாளும் சகாதேவன் தெருவில் நாற்காலி போட்டு, சாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பட்டையின் கோடியில் ஒரு முழத்தைக் காட்டிக் கேட்டார்.

"அங்க மட்டும் ஏன் வுட்ட?"

"ரெண்டு முட்ட இருக்குதுங்க. குஞ்சு பறந்ததும் வந்து பூசிடறேன்."

"அதுக்குத் தனியா கூலி கேப்ப."

"கேக்க மாட்டேங்க."

"முட்டைய நீயே கொண்டாந்து வைக்கலியே?"

தசரதனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. சகாதேவன் எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணி, எட்டாயிரத்து நானூற்றைம்பதை நீட்டினார். தசரதனும் அவர் எதிரிலேயே இரண்டு தடவை எண்ணினான். ஒவ்வொரு ஐநூறையும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான். சரியாக இருந்தது. காலேஜுக்கு இன்னும் ஆயிரத்து ஐநூற்றைம்பது புரட்ட வேண்டும்.

"நமக்குள்ள இனிமே ஒண்ணுமில்ல" என்றார் சகாதேவன்.

"ஒண்ணுமில்லீங்க."

இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள். தாய்ப்புறா காயாத பூச்சின் நடுவில் இறங்கி, சறுக்கி, நகத்தை ஊன்றிச் சறுக்கி, ஈரச் சிமெண்டில் நெடுகக் கீறிக்கொண்டே கோடிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.