தானாக எடுக்கும் போன்

தளவாயின் வண்டியில் இரண்டு போன்கள் நாள் முழுவதும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இரண்டும் டாஷ்போர்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று கூப்பிடும், மற்றது தானாக எடுக்கும். ஸ்பீக்கர் சத்தத்தை மட்டும் அடைத்திருந்ததால் குரல் ஏதும் வெளியே வராது. ஒரு நிமிடம் ஆனதும் அழைப்பு தானாகவே அறுந்துவிடும். சற்று நேரம் சும்மா இருக்கும். பிறகு மறுபடியும்.

அவன் மடியில் இருந்த லேப்டாப்பில் வண்டி போகும் பாதை பச்சைக் கோடாக நீளும். சிக்னல் மெலிந்த இடத்தில் கோடு மஞ்சளாகும். அழைப்பு தோற்ற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். டிரைவ் டெஸ்ட் என்று பெயர். யாரும் பேசாத பேச்சு எவ்வளவு நன்றாகப் போய்ச் சேர்கிறது என்று பார்க்கிற வேலை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் அவன் வேலை பார்த்துக் கொடுக்கும் நெட்வொர்க் கம்பெனி போன வாரம் த்ரீஜியை நிறுத்தியிருந்தது. அந்த அலைவரிசையை ஃபோர்ஜிக்குக் கொடுத்துவிட்டார்கள். நிறுத்தியதால் எங்கேயாவது அழைப்பு அறுகிறதா என்று தளவாய் பார்த்துச் சொல்ல வேண்டும். இதுவரை ஒருவரும் புகார் செய்யவில்லை. தெருவில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்ப் பத்து நாள் கழித்துத்தான் அக்கம்பக்கம் கவனிக்கும், அப்படி.

அவனுடைய வீடும் பாதி காலியாகத்தான் கிடந்தது. மனைவி முத்துச்செல்வி தாய்வீட்டுக்கு, ஏரலுக்குப் போய்விட்டாள்.

முத்துச்செல்வி அவனுடைய அத்தை மகள். அவன் கோவில்பட்டியில் படித்த காலத்தில் பொத்தான் போனில் விடிய விடியப் பேசியிருக்கிறார்கள். குரல் கரகரக்கும், நடுவில் அறும், மறுபடி போடுவார்கள். கல்யாணமாகி ஒரகடத்தில் மாடி வீடு பிடித்து வந்தார்கள். அதற்குள் த்ரீஜி வந்து, ஃபோர்ஜி வந்து, மொட்டை மாடியில் நின்றால் ஃபைவ்ஜியும் கிடைத்தது. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து பேசினாலும் மூச்சு காதில் படுவதுபோல் கேட்டது. அவனுக்குத்தான் பேச எதுவும் இல்லாமல் போயிற்று. வேலை முடிந்து வருவான், சாப்பிடுவான், ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்ப்பான். அவனுக்கு அது நிம்மதி. பகலெல்லாம் அந்த வீட்டில் தனியாக இருந்த அவளுக்கு அது இரண்டாவது பகல்.

கிளம்பும்போது அவள் ஒன்றுதான் சொன்னாள். "நீங்க கூப்பிட வேண்டாம் அத்தான். எனக்குத் தோணுத அன்னைக்கு நானே கூப்பிடுதேன். அன்னைக்கு ஒருநாளாவது வாயத் திறந்து பேசுங்க. அதை வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

அன்றிலிருந்து அவன் குளிக்கப் போனாலும் போனை சோப்புப் பெட்டி வைக்கிற பலகையில் வைத்துக்கொண்டான்.

இன்று காலை, எடுக்கிற போனின் சிம் உயிரை விட்டுவிட்டது. ஆபீசில் கங்கா மேடத்திடம் சொன்னான்.

"புது சிம் நாளைக்குத்தான் வரும். ரிப்போர்ட்டை சாயங்காலமே கேக்குறாங்க. உன் சிம்மைப் போடு தளவாய், எல்லாரும் பண்றதுதானே."

எல்லாரும் செய்வதுதான். ஆனாலும் அவன் யோசித்தான். பகலில் முத்துச்செல்வி அவள் அப்பாவின் மளிகைக் கடையில் நிற்பாள். கூப்பிட்டால் கடை அடைத்த பிறகுதான் கூப்பிடுவாள். அதற்குள் மாற்றிவிடலாம் என்று தன் சிம்மை எடுத்து அந்தப் போனில் போட்டான்.

பென்னலூர் தாண்டும்போது டிரைவர் மண்ணாங்கட்டி ஆரம்பித்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். அவருக்கு வாய் ஓய்ந்தால் வண்டியும் ஓடாது.

"இன்னா சார், ரெண்டு போனும் காலைலேர்ந்து பேசிக்கினே கீது. நீ மட்டும் வாயத் தொறக்க மாட்டேன்ற."

தளவாய் சிரித்தான்.

"சிரிச்சா ஆச்சா? எங்கூட்டுக்காரிகிட்ட சொன்னேன், ஊமை சாருன்னு ஒருத்தர் கீறாருன்னு. அவ இன்னா சொல்றா தெரியுமா? உனக்கு பதிலா அந்த ஆளைக் கொஞ்ச நாள் மாத்திக்கினு வான்றா."

முன்னால் போன டிரெய்லர் லாரி சிக்னல் போடாமல் ஒடித்தது. மண்ணாங்கட்டி கண்ணாடியை இறக்கி, லாரிக்காரனின் மூன்று தலைமுறையையும் விசாரித்தார். தளவாய் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிள்ளைப்பாக்கம் திருப்பத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்திருந்தது.

த்ரீஜி போனதால் சிக்னலில் விழுந்த பள்ளம் என்று நினைத்தான். டவர் எண்ணைக் குறித்துக்கொண்டான். வல்லத்தில் டீக்கடை ஓரம் வண்டி நின்றது. மண்ணாங்கட்டி டீ வாங்கப் போனதும் அந்தப் புள்ளியைத் திறந்து பார்த்தான். சிக்னல் நன்றாகவே இருந்தது. கூப்பிட்ட போனுக்கு, எதிர்முனை வேறு அழைப்பில் இருக்கிறது என்று பதில் வந்திருந்தது.

எடுக்கிற போனின் பதிவைத் திறந்தான். வெளியிலிருந்து ஓர் அழைப்பு வந்திருந்தது. போன் அதைத் தானாக எடுத்திருந்தது. ஒரு நிமிடம் ஆனதும் தானாக அறுத்திருந்தது. எதிரே, அழைப்பு வெற்றி, குரலின் தரம் மிக நன்று என்று இருந்தது.

முத்துச்செல்வியின் எண்.

டீ வந்தது. வாங்கி, டாஷ்போர்டின் மேல் வைத்தான். ஓடிக்கொண்டிருந்த சோதனையை நிறுத்தி, சத்தத்தைத் திறந்து, அதே போனிலிருந்து கூப்பிட்டான். மணி வெகுநேரம் அடித்தது.

"சொல்லுங்க."

"கொஞ்சம் முன்னாடி நீ பேசினது எனக்குக் கேக்கல. டெஸ்ட் போன்ல என் சிம்மைப் போட்டிருந்தேன். அது தானா எடுக்கும், தானா வச்சிரும். சவுண்டு வராது."

கடையில் யாரோ துவரம்பருப்பு விலை கேட்டார்கள். அவள் சொல்லிவிட்டு வந்தாள்.

"அப்ப நீங்க எடுக்கலையா?"

"இல்ல."

"யாரோ லாரிக்காரனத் திட்டுனாங்க. நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கீயன்னு நெனச்சேன்." கல்லாப்பெட்டி மூடும் சத்தம் கேட்டது. "ஒரு வார்த்தை சத்தம் இல்ல. அதான் நீங்கதான்னு நெனச்சேன்."

"என்ன சொன்ன, செல்வி?"

"அதை இன்னொரு மட்டம் சொல்லுததுக்கு எனக்குத் தெம்பு இல்ல அத்தான். ரெண்டு மாசமா மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துச் சொன்னது. கடைசியில, நான் வரட்டுமான்னு கேட்டேன். கட் ஆயிருச்சு. இன்னைக்கு பஸ்ஸுக்குச் சீட்டு போட்டிருந்தேன். கேன்சல் பண்ணிட்டேன்."

"வா."

"இப்ப சொல்லுதீய. அப்பவே நீங்க எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பீய?"

உடனே சொல்ல ஒரு பதில் இருந்தது. நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவனுக்குத் தன்னைத் தெரியும். ரெண்டு மாசமாகச் சேர்த்து வைத்ததை அவள் மூச்சு விடாமல் சொல்லியிருப்பாள். அவன் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்திருப்பான். அவள் கேட்டு முடித்த பிறகும், சரியான சொல் கிடைக்கட்டும் என்று காத்திருந்திருப்பான். அந்த ஒரு நிமிடம் இதேபோல்தான் முடிந்திருக்கும்.

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றான்.

கம்பெனிப் பேருந்து ஒன்று நின்று, சீருடை அணிந்த பெண்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

"இதையாவது சொன்னீயளே" என்றாள். "எனக்கு வரணுமா வேண்டாமான்னு இப்பத் தெரியல. ஆள் வந்திருக்கு, வைக்கேன்."

மண்ணாங்கட்டி ஏறி உட்கார்ந்தார். ஆடை படிந்த டீயைப் பார்த்தார், தளவாயின் முகத்தைப் பார்த்தார்.

"யாரு சார்?"

"வீட்டுல."

"வராங்களா?"

இதுபோன்ற கேள்விகளுக்கு அவன் தலையை ஒரு பக்கம் சாய்ப்பதோடு சரி. மண்ணாங்கட்டியும் அதை எதிர்பார்த்துச் சாவியைத் திருகினார்.

"தெரியல அண்ணே. வர்றேன்னு சொல்லத்தான் கூப்பிட்டிருக்கா. நான் எடுக்கல" என்றான் தளவாய். பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. "அவ போனதிலேர்ந்து நான் அடுப்பு பத்தவைக்கல அண்ணே. அவ துணி காயப்போட்ட கயிறு மாடியில அப்படியே இருக்கு. ராத்திரி வந்து லைட் போடுறதில்ல. வீட்டுல யாரும் இல்லைன்னு கண்ணுல படக்கூடாதுன்னு இருட்டுலயே உக்காந்திருப்பேன். அவ பேசிக்கிட்டே இருப்பா. நான் பதில் சொல்லலைன்னாலும் எனக்கு அது வேணும். இல்லாமப் போனப்புறம்தான் தெரியுது. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கேக்குறேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

மண்ணாங்கட்டி இன்ஜினை அணைத்தார். கைகளை ஸ்டீரிங்கின் மேலேயே வைத்திருந்தார்.

"இத்த என்னாண்ட சொல்லி இன்னா சார் பிரயோஜனம்?" என்றார், மெதுவாக.

"அவகிட்ட வார்த்தை வரலையே அண்ணே."

"சரி" என்றார் மண்ணாங்கட்டி. "சொல்லு."

ஒரகடத்துக்கு இன்னும் பாதி ரோடு இருந்தது. தளவாய் சொல்லிக்கொண்டே போனான்.