கீழ்த்தட்டில் வைத்த மருந்து

அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அவள் நேற்றுச் சாயங்காலம் வைத்த சின்ன அட்டைப்பெட்டியைக் காணோம். பாலை நகர்த்திப் பார்த்தாள், தக்காளியைக் கிளறிப் பார்த்தாள். கடைசியில் ஃப்ரீசரைத் திறந்தாள். ஐஸ் தட்டுக்கு அடியில் பெட்டி பத்திரமாக இருந்தது. உள்ளே இருந்த குப்பியை எடுத்துக் கவிழ்த்தாள். மருந்து அசையவில்லை, கல்லாகியிருந்தது.

"நான்தான் மாத்தி வச்சேன். கீழ இருந்தா சூடு ஏறிடுமேன்னு," என்றார் அண்ணன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. இந்தத் தடுப்பூசி ஒருமுறை உறைந்துவிட்டால் குப்பைக்குத்தான். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் இந்த மனிதருக்குத் தெரியும். வருஷக்கணக்காக மருந்துக்கடை நடத்துகிறவர். கடை ஃப்ரிட்ஜின் கதவில் 'உறையக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியவரே அவர்தான். இன்சுலினை ஃப்ரீசரில் வைத்த பணியாளரை நிற்கவைத்துக் காய்ச்சி எடுத்தவர், இன்றைக்கு ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அவள் இந்த ஆராய்ச்சியில் இறங்கிய புதிதில், கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுக்கு ஒரு வைரஸ் காரணமாக இருக்கலாம் என்றதற்குத் துறைத்தலைவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "புற்றுநோய் என்னம்மா ஜலதோஷமா, ஒட்டிக்கிறதுக்கு?" அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் அவளுக்குக் 'கிருமி' என்றே பேர். சிரித்தவர் ஓய்வு பெற்றுப் போனார், கிருமி போகவில்லை. வெட்டியெடுத்த சதைத் துணுக்குகளை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றி, அதில் வைரஸின் தடத்தைத் தேடித் தேடியே தலை நரைத்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் காரணமும் தெரிந்தது, தடுப்பூசியும் வந்தது. வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் கணவன்மார்தான் மாறவில்லை. "இவளுக்கு எப்படி டாக்டர் இது வந்துச்சு?" என்று ஒரு மாதிரியாக இழுப்பார்கள். தன்னிடமிருந்து வந்திருக்குமோ என்று ஒருத்தராவது கேட்டதில்லை. உடலுறவில் பரவி, கிட்டத்தட்ட எல்லார் உடம்பிலும் வந்துபோகிற கிருமி அது, சிலரிடம்தான் தங்கிவிடுகிறது என்று அவள் தொண்டை வறளச் சொல்வாள். அவர்கள் தலையாட்டுவார்கள். உள்ளே அந்தப் பெண்கள் குற்றம் செய்தவர்கள் மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்கள். அப்படிப் படுத்தே செத்துப்போனவர்களில் அண்ணியின் அக்காவும் ஒருத்தி. வயிற்றுவலி என்றுதான் வெளியே சொன்னார்கள். சொன்னவர் இதே அண்ணன்.

போன மாதம் அவளுக்கு விருது கொடுத்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டியவரும் இவர்தான். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டியிருக்கிறார். எதற்கு விருது என்று யாராவது கேட்டால், "ஏதோ கிருமி ஆராய்ச்சி" என்று மழுப்பிவிடுவாராம்.

"இது உறைஞ்சா வீணாப் போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா, அண்ணா?"

பேப்பர் மடிந்தது. "நம்ம வீட்டுப் பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கும்மா? அந்த மாதிரியா வளர்த்திருக்கோம்?"

"போன வாரம் போன்ல சரின்னீங்களே!"

"நீ விடாம நச்சரிச்ச, சொல்லி வச்சேன். நாளைக்கு நாலு பேர் கேட்டா பதில் சொல்லப்போறது நான்தானே?"

அண்ணன் மகள் அறை வாசலில் நின்றிருந்தாள். பதின்மூன்று வயது. நேற்று, "வலிக்குமா அத்தை?" என்று கேட்டவளிடம், "உன் கணக்கு டீச்சர் அளவுக்கு வலிக்காது" என்று சொல்லிச் சிரிக்க வைத்திருந்தாள். அந்தச் சிரிப்பு இப்போது இல்லை. ஊசிக்குத் தோதாகக் கையில்லாத சட்டை போட்டிருந்தது, அதற்குள் வெட்கப்பட வேண்டிய விஷயமாகிவிட்டது. துப்பட்டாவை இழுத்துத் தோளை மூடிக்கொண்டிருந்தாள். வார்டில் சுவர்ப்பக்கம் திரும்பும் முதுகுகளெல்லாம் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

"அப்போ எங்கக்காவ எந்த மாதிரி வளர்த்தாங்களாம்?"

கேட்டது அண்ணி. குரல் உயரவேயில்லை. அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நாத்தனாரிடம் வந்தாள்.

"ஆஸ்பத்திரியில வேற மருந்து இருக்குமா?"

"இருக்கு அண்ணி. நானே போட்டு விடுறேன்."

"செருப்பைப் போடு," என்றாள் மகளிடம்.

"யாரைக் கேட்டுக் கிளம்புறீங்க?" அண்ணன் எழுந்துவிட்டார். தங்கை அந்தக் குப்பியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"கடையில என் படத்துக்குப் பக்கத்துல வச்சுக்கோங்க."

தெருவில் வெயில் ஏறியிருந்தது. திருப்பத்தை எட்டும்போது பின்னால் அண்ணன் ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம் கேட்டது. ஒரு தரம், மறுபடி ஒரு தரம். அண்ணியின் நடை வேகமாயிற்று. முன்னால் போய்க்கொண்டிருந்த பெண் துப்பட்டாவை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டாள். அவளுடைய இடது தோள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.