ஏழு மணிக் கோடுகள்

கேபிள் கம்பம் எங்கள் வீட்டு வாசலிலிருந்து பதினோரு அடி. நானே நாடா வைத்து அளந்தேன். தப்பாக இருக்குமோ என்று இரண்டாம் முறையும் அளந்தேன். எதிர்வீட்டு வாசலிலிருந்து அதே கம்பம் இருபத்தாறு அடி. இருபத்தாறு அடி தாண்டி அங்கே போன இன்டர்நெட், பதினோரு அடி தாண்டி இங்கே வரவில்லை.

கேபிள் அலுவலகத்துக்கு நான்கு தடவை போன் செய்தேன். நான்கு தடவையும் வேறு வேறு குரல், ஒரே பதில்.

"உங்க முகவரிக்கு சேவை இல்லைன்னு வருதுங்க."

"எதிர்வீட்டுக்கு இருக்கே?"

"அது அவங்க முகவரிங்க."

நான் ஒரு எக்ஸ்ரே நிலையத்தில் சீட்டு எழுதுகிறேன். இந்த மாதக் கடைசியில் அதை மூடுகிறார்கள். அதை உத்தேசித்துத்தான் ஆறு மாதமாக வாரம் மூன்று நாள் மாலை வகுப்புக்குப் போகிறேன். மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்யப் பழக்கும் வகுப்பு. வகுப்பு முடிப்பவர்களில் மூன்று பேருக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை வாங்கித் தருவதாக மிஸ் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை: வீட்டில் நடுவே அறுந்து போகாத இணைப்பு இருக்க வேண்டும், இருபதாம் தேதிக்குள். டெலிபோன் வழி இன்டர்நெட்டில் ஒரு ஒலிக்கோப்பு இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் சித்தி போன் செய்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சித்தி நடுவில்தான் செய்வாள்.

இரண்டு இடங்கள் போய்விட்டன. மூன்றாவது எனக்கா, ஒல்லிக்கா என்பதுதான் மிச்சம்.

ஒல்லி எதிர்வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரரின் மகள். வகுப்பில் எனக்கு முன் வரிசை. மூன்றாம் தேதி கேபிள் கம்பெனி எங்கள் பகுதிக்கு இன்டர்நெட் திறந்தது. மொத்தம் முப்பது வீட்டுக்குத்தான் இன்டர்நெட் பெட்டி வந்திருக்கிறது என்றார்கள். அன்றே அவர்கள் வீட்டில் பச்சை விளக்கு மினுக்கியது. அன்று மாலை ஏழு மணிக்கு எங்கள் டிவியில் வெள்ளைக் கோடுகள் விழுந்தன.

இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதினேன். எனக்கு நோட்டு எழுதும் பழக்கம் உண்டு. தேதி, நேரம், நடந்தது, என் கருத்து என்று நான்கு கட்டம். நான்காவது கட்டத்தைப் பெரும்பாலும் பென்சிலால் எழுதுவேன், மறுநாள் அழிக்க வசதியாக. அந்த மாதம் பென்சிலில் இப்படி இருந்தது: 'அவர்கள் பெட்டி நம் சிக்னலை இழுக்கிறதா?' மறுநாளும் கோடுகள் வந்தன. அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவில்லை. ஞாயிறு மாலை எதிர்வீட்டில் எல்லோரும் வெளியே போவார்கள். அந்த வாரம் அழிக்காமல் பேனாவால் மேலே எழுதினேன்.

பன்னிரண்டாம் தேதி இரவு ஏழு மணிக்கு மிஸ் ஒல்லியைச் சோதித்தார். கோப்பு ஒன்றை அனுப்பி, அரை மணியில் தட்டச்சு செய்து திருப்பி அனுப்பச் சொன்னார். அது திரும்பி வரவில்லை. லைன் கட் ஆகிவிட்டது என்று ஒல்லி மறுநாள் வகுப்பில் சொன்னபோது கண் சிவந்திருந்தது. வேகம் போதாமல் லைன் மேல் பழி போடுகிறாள் என்று நினைத்தேன். மிஸ் கறாராகச் சொல்லிவிட்டார்.

"கட் ஆகாத லைன்தாம்மா எனக்கு வேணும். இருபதாம் தேதிக்குள்ள இவ வீட்டுக்கு லைன் வந்தா இவளுக்கு. வரலைன்னா வெளியாள்."

'இவ' என்றது என்னை. ஒல்லி திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலையே நடந்தது இது. ஜன்னலில் நின்றேன். கம்பத்தின் மேல் ஏணிக்காரர். கேபிள் கம்பெனி ஆள்; பெயர் யாருக்கும் தெரியாது, ஏணி இல்லாமல் அவரைப் பார்த்தவர்களும் கிடையாது. கீழே கண்ணாடிக் கடைக்காரர் டார்ச் அடித்துக்கொண்டு நின்றார். அவர் கை எங்கள் வீட்டைக் காட்டியது. ஏணிக்காரர் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பித்தளை மூடியை எடுத்து, எங்கள் வீட்டுக்கு வரும் வயரின் தலையில் திருகினார். இறங்கியதும் கடைக்காரர் அவர் தோளில் தட்டினார். பிறகு இருவரும் டீ குடித்தார்கள்.

தன் மகளுக்குக் கிடைக்காதது எனக்கும் கிடைக்கக் கூடாது. இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

"எப்பப் பாரு ஜன்னல்லயே நிக்கிறே," என்றாள் அம்மா. பகலில் சீருடைக் கடையில் வேலை செய்கிறாள். இந்த மாதம் முதல், மாலையில் அங்கிருந்து கொண்டுவரும் சட்டைகளுக்கு வீட்டில் இஸ்திரியும் போடுகிறாள். "அவங்க உன்னப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"அவங்க என்ன செய்றாங்கன்னு நீயே வந்து பாரும்மா."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "டீ குடிக்கிறாங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கேபிள் கம்பெனி மேலாளருக்குப் புகார் எழுதினேன். நோட்டிலேயே வரைவு, தேதி வாரியாக. முடிவில் 'மேற்படி ஊழியர் எதிர்வீட்டாரின் தூண்டுதலால்' என்று ஒரு வரி. எனக்கே அது பிடித்திருந்தது. மூன்று முறை திருத்தி எழுதியும் தபாலில் சேர்க்கவில்லை. அந்த மூடியைத் திருகியது ஏழு பத்துக்கா, ஏழு இருபதுக்கா என்பது உறுதியாகத் தெரியவில்லை. எங்கள் சுவர்க் கடிகாரம் முந்தி ஓடும். எவ்வளவு முந்தி என்பதிலும் எனக்கும் அம்மாவுக்கும் தகராறு.

பதினெட்டாம் தேதி வகுப்பு முடிந்து வந்து செருப்பைக் கழற்றினேன். கதவு தட்டப்பட்டது. ஏணிக்காரர்.

"இந்த வீட்டுல நோட்டு எழுதுற பொண்ணு யாரும்மா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"எதிர்வீட்டுல சொன்னாங்க. ஜன்னல்ல நின்னு ஒண்ணு விடாம எழுதுமாம். அவங்க பாவம், திரைச்சீலையக்கூட கெட்டித் துணியா மாத்திட்டாங்க." அவர் சிரிக்கவில்லை. "எனக்கு அந்த நோட்டு வேணும். பாத்துட்டுக் குடுத்துடறேன்."

"முதல்ல நீங்க சொல்லுங்கண்ணே. எங்க வயர்ல எதுக்கு மூடி போட்டீங்க?"

"அதையும் பாத்துட்டியா." வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "டிவிக்கு இங்க வர்ற வழி போதும். இன்டர்நெட்டுக்குத் திரும்பிப் போற வழியும் வேணும். அந்த வழி தெருவுக்கே ஒண்ணுதான். ஒரு வீட்டுல இரைச்சல் கிளம்புச்சுன்னா எல்லா வீட்டுக்கும் காது அடைச்சுப் போயிடும். முதல் நாள் சோதனையிலேயே உங்க லைன் தேறல. அதான் உனக்கு சேவை இல்லைன்னு வருது. உள்ள வந்து பாக்கலாம்னு பகல்ல நாலு தடவ வந்தேன். பூட்டு. மஞ்சச் சீட்டு சொருகிட்டுப் போனேன்."

உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. "அந்த மஞ்சச் சீட்டா? விளம்பரம்னு நெனைச்சேன். இஸ்திரிப் பெட்டி சூடு பாக்க வச்சிருக்கேன், நல்ல காகிதம்."

ஏணிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பன்னண்டாம் தேதி ஏழு மணிக்கு எதிர்வீட்டு லைன் சுத்தமா செத்துப் போச்சு. அந்தப் பொண்ணுக்கு ஏதோ பரீட்சையாம், ஒரே அழுகை. அவங்கப்பா மறுநாள் என்னக் கையோட இழுத்துட்டு வந்தாரு. வேற வழியில்லாம மூடி போட்டேன். அது சும்மா அணை கட்டுற மாதிரி. இரைச்சல் எங்க கிளம்புதுன்னு தெரிஞ்சாத்தான் மூடிய எடுக்க முடியும். மிச்சம் ஒரு பெட்டிதான் இருக்கு. நாளன்னிக்கு அது அடுத்த ஏரியாவுக்குப் போயிடும்."

கதை நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததாலேயே எனக்குச் சந்தேகம். ஆனால் எனக்கு வேண்டிய பெட்டி அவர் வண்டியில் இருந்தது. நோட்டைக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் வரைவு ஞாபகம் வந்தது.

அவர் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"'மேற்படி ஊழியர்.' நான்தானே இது?"

நோட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"எழுத்து நல்லாயிருக்கு. மூடி போட்டது ஏழு இருபதும்மா. ஏழு பத்துக்கு நான் கம்பத்துலயே ஏறல." அடுத்த பக்கத்துக்குப் போனார். "இது என்ன, தினமும் ஏழு மணிக் கோடுகள்? ஞாயித்துக்கிழமை மட்டும் இல்லையே."

"ஞாயித்துக்கிழமை எதிர்வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க."

"ஞாயித்துக்கிழமை கடை லீவு," என்றாள் அம்மா, கையில் இஸ்திரிப் பெட்டியோடு கதவருகே வந்து. "துணி வராது."

மூன்று பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்தோம்.

"போடுங்கம்மா," என்றார் ஏணிக்காரர்.

அம்மா சுவிட்சைப் போட்டாள். பெட்டியின் சிறு விளக்கு அணைந்து எரியும்போதெல்லாம் டிவியில் கோடுகள் துள்ளின. ஏணிக்காரர் எங்கள் வயரில் மாட்டியிருந்த மீட்டரில் முள்ளும் கூடவே துள்ளியது. சுவிட்சை அணைத்தால் முள் படுத்துக்கொண்டது.

"பெட்டி மேல தப்பில்ல. உள்ள தீப்பொறி பறக்கும், எல்லாப் பெட்டியும் அப்படித்தான். அது வயருக்குள்ள நுழையுது பாரு, அந்த ஓட்டைதான் வேணும்."

வயரைத் தடவிக்கொண்டே போனார். இஸ்திரி மேசைக்குப் பின்னால் பீரோ இருக்கிறது. அதற்குப் பின்னால் அவர் கை போவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கேபிளை நடுவில் வெட்டி, செப்புக் கம்பிகளைக் கையால் முறுக்கி, மேலே காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரி சுற்றியிருந்தது. மூன்று சுற்று, நுனி நேராகக் கத்தரித்தது.

"யாரு வேலை இது?"

"முன்னாடி குடியிருந்தவங்களா இருக்கும்," என்றாள் அம்மா உடனே. அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்று ஏணியைப் பிடித்திருந்தவளே அவள்தான்.

"நான்தான்," என்றேன். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. என் ரூமுக்கு ஒரு லைன் இழுத்தேன்." பிளாஸ்திரி எக்ஸ்ரே நிலையத்துடையது. பழைய நோட்டில் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்ல முடியும். 'இன்று நானே இணைத்தேன். படம் தெளிவு.' பேனாவால் எழுதியது.

ஏணிக்காரர் அதை வெட்டி எறிந்துவிட்டுச் சரியான இணைப்புப் போட்டார். அம்மாவை மறுபடி பெட்டியைப் போடச் சொன்னார். முள் அசையவில்லை. கம்பத்தில் ஏறி மூடியைக் கழற்றினார். கடைசிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதன் நான்காவது பச்சை விளக்கு நெடுநேரம் மினுக்கி, பிறகு நின்று எரிந்தது. கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். முழுவதையும் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடட்டுமாண்ணே?"

"இருக்கட்டும். நேரத்தை மட்டும் திருத்திக்கோ."

எட்டு மணிக்கு மிஸ்ஸுக்குப் போன் செய்தேன்.

"லைன் வந்துடுச்சா? சந்தோஷம். நாளைக்கு ஏழு மணிக்கு ஒரு கோப்பு அனுப்பறேன். சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். இடம் உனக்குன்னு வச்சுக்கோ."

சரி மிஸ் என்று சொல்லி வைத்திருக்கலாம். உண்மையில் சரி மிஸ் என்று சொல்லியும்விட்டேன். ரிசீவர் கையிலேயே இருந்தது. எதிர்வீட்டில் அந்தக் கெட்டித் திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது.

"மிஸ், பன்னண்டாம் தேதி அவ லைன் கட் ஆனது எங்க வீட்டாலதான்."

சொல்லி முடிக்க நேரமாயிற்று. இஸ்திரிப் பெட்டியில் தொடங்கி, பிளாஸ்திரிக்குப் போய், மறுபடி பெட்டிக்கு வந்தேன்.

"நாளைக்கு ஏழு மணிக்கு ரெண்டு பேருக்கும் ஒரே கோப்பு," என்றார் மிஸ் கடைசியில். "பிழை குறைஞ்சவங்களுக்கு இடம்."

மறுநாள் ஆறே முக்காலுக்கு அம்மா சட்டைகளைப் பிரித்தாள்.

"எட்டு மணிக்குப் போடும்மா."

"வயர்தான் சரியாயிடுச்சேடி?"

"ஆயிடுச்சு. இருந்தாலும் எட்டு மணிக்குப் போடு." இஸ்திரிப் பெட்டியின் பிளக்கை நானே பிடுங்கி, வயரைச் சுற்றி, பீரோ மேல் வைத்தேன்.

கோப்பு ஒரு நிமிடத்தில் இறங்கியது. முதுகுத்தண்டு பற்றிய அறிக்கை. மருத்துவர் பேச்சோடு பேச்சாக இருமினார். ஏழு இருபத்தெட்டுக்குத் திருப்பி அனுப்பினேன்.

இருபதாம் தேதி வகுப்பில் மிஸ் தாள்களைக் கொடுத்தார். எனக்கு நான்கு பிழை. நான்கையும் சரிபார்த்தேன், பிழைகள்தான். ஒல்லிக்கு ஒன்று. அடுத்த இடம் எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் சொல்கிறேன் என்றார் மிஸ். எக்ஸ்ரே நிலையத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

படிக்கட்டில் ஒல்லி என்னை நிறுத்தினாள்.

"மிஸ் சொன்னாங்க. நீ ஏன் போய்ச் சொன்னே?"

"நடந்தது அதுதானே."

"அது சரி. உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. கம்பத்தின் மேல் அந்தப் பித்தளை மூடியை நான் பார்த்தது அப்படித்தான். ஒரே தெருவுக்கு, ஒருத்தி முன்னாலும் ஒருத்தி பின்னாலுமாக நடந்து வந்தோம்.

ஏழு மணிக்கு அம்மா இஸ்திரி போட்டாள். டிவியில் ஒரு கோடும் இல்லை. எதிர்வீட்டுக் கெட்டித் திரை ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு விலகியது. யாரோ இந்தப் பக்கம் பார்த்தார்கள். நோட்டை எடுக்கக் கை போயிற்று. எடுக்கவில்லை. பார்க்கட்டும் என்று, என் அறை விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னலருகே நின்றேன்.