விட்டவர்கள் வீட்டு நாற்றம்

தையலக்கா வீட்டுப் பூனைகள் எங்கே மூத்திரம் பெய்தாலும், அது அவற்றைத் தெருவில் விட்டவர்கள் வீட்டில்தான் போய் விழுந்தது. வாந்தியும் அப்படித்தான், உதிர்ந்த முடியும் அப்படித்தான். குப்பைமேட்டிலும் பாலத்தடியிலும் பொறுக்கி வந்து அவள் வளர்த்த பூனைகள் ஒன்பது. இருந்தும் அவள் தைக்கும் வெள்ளைச் சட்டையில் ஒரு முடி ஒட்டியதில்லை. எடுத்து வளர்த்த நன்றிக்கு அவை ஒழுங்காக இருப்பதாகவே பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தாள்.

விஷயத்தை அம்பலப்படுத்தியவர் பல் டாக்டர். அடுத்த தெருவில் புது வீட்டுக்குப் போனபோது, சோபாவைப் பிறாண்டுகிறது என்று சாம்பல் பூனையைச் சாக்கில் கட்டிச் சந்தைக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்த புண்ணியவான். பூட்டிய அறைக்குள் தினமும் காலையில் வாந்தி கிடந்தது, அதில் சாம்பல் முடி. புது சோபா அவர் கண்ணெதிரே, யாரும் தொடாமலே, நார்நாராகக் கிழிந்தது. ஒருநாள் அக்கா வீட்டு ஜன்னலில் தன் பழைய பூனை கால் நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று கத்தினார். "உங்க பூனையை அடக்கி வைங்கம்மா!"

"என் பூனையா? சாக்குல கட்டினது யாரு? வாய் கூசல உங்களுக்கு?" அக்கா கத்தரிக்கோலும் கையுமாக வெளியே வந்தாள். பின்னாலேயே பஸ் கண்டக்டரான அவள் கணவர் வந்து, வாயில்லாத உயிரை நடுத்தெருவில் விடுகிறவனெல்லாம் மனுஷனா என்று அவளைவிட உரக்கக் கேட்டார். பிறகு வக்கீல் வீட்டம்மா வந்தாள், மருந்துக்கடைக்காரர் வந்தார், எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு. பூனைகளை விரட்டச் சொன்னார்கள். மாட்டேன் என்றதும் தைக்கத் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். என்ன அநியாயம்! தூக்கி எறிந்தவர்களுக்கு மூக்கு சுத்தமாக வேண்டும், அதற்கு எடுத்து வளர்த்தவள் வயிறு காய வேண்டும். அக்கா அசரவில்லை. "எங்க வீட்டுல ஒரு சொட்டு விழுந்திருக்கா, வந்து பாருங்க" என்று கதவை அகலத் திறந்து வைத்தாள். அந்தத் தரைதான் அவளுக்குச் சாட்சி.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், பஸ் கடைசியாகத் திரும்பும் நிறுத்தத்தில் நனைந்துகொண்டிருந்த செம்பட்டைக் குட்டி ஒன்றைத் தூக்கி வந்தாள். மறுநாள் காலை கண்டக்டரின் தலையணை நாறியது. குட்டியோ அடுக்களை மூலையில் மூத்திரத்துக்கு வைத்த மண்தட்டை விட்டு நகரவில்லை. அக்கா தலையணையை முகர்ந்தாள், குட்டியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"வாசல்ல வந்து நின்னுச்சு. பத்தாவதையும் உள்ள விட்டுடுவியேன்னு... பஸ்ல ஏத்திக் கொண்டுபோய் விட்டுட்டேன்."

"ஊரையே நிக்க வெச்சுக் கேட்டீங்களே, நீங்க மனுஷனா?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தலையணையைக் கொல்லையில் ஒளிக்கவில்லை. தெருப்பக்கக் கம்பியில், எல்லோர் மூக்குக்கும் எட்டும்படி தொங்கவிட்டாள்.

கண்டக்டரும் தங்களைப்போல ஒருவர்தான் என்று தெரிந்ததும், அந்த வாரமே தைக்கத் துணிகள் மறுபடி வரத் தொடங்கின. பல் டாக்டர் நாலு கால்சட்டை கொடுத்து, சொந்தக்காரரைப்போலக் கண்டக்டரை நலம் விசாரித்துவிட்டுப் போனார். துணி வராதபோதுகூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்தாள், செம்பட்டையைத் தன் மடியிலேயே வளர்த்தாள். கண்டக்டர் இன்றும் வேலைக்குப் போகுமுன் தலையணை உறையைத் துவைக்கிறார். கறை போக எந்தச் சோப்பு நல்லது என்று டாக்டர்தான் சொல்லிக் கொடுத்தார். அக்கா சோப்பை எடுத்துக் கொடுக்கிறாள், பேச்சு மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.