பத்துக்கு ஆறு

"இப்ப அந்தப் பத்து வார்த்தையையும் சொல்லுங்க. வரிசையா வரணும்னு இல்ல" என்றார் டாக்டர் ஷோனெட்.

இட்வல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். இடுப்பு வரை சேறு. பார்வையாளர் மேடைக்கு அடியில் இருந்த அந்தச் சின்ன அறைக்குள் கூட்டத்தின் பாட்டு கூரை வழியாக இறங்கி வந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் எங்கள் பள்ளத்தாக்கில் பாட்டுக்கு மட்டும் குறை வைப்பதில்லை. ஏழு நிமிடத்துக்கு முன்னால் ரக்பி மைதானத்தில் எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் இட்வலின் காதுக்கு மேலே இடித்திருந்தது. நடுவர் கையைக் காட்டி வெளியே அனுப்பிவிட்டார். பன்னிரண்டு நிமிடத்துக்குள் டாக்டர் சோதித்துச் சரி என்றால் திரும்பப் போய் ஆடலாம், இல்லையென்றால் சட்டையைக் கழற்ற வேண்டியதுதான். மாதங்களைத் தலைகீழாகச் சொல்லியாயிற்று. தரையில் ஒட்டிய நாடாவின் மேல் அடிமேல் அடிவைத்து நடந்தாயிற்று. சோதனையின் ஆரம்பத்தில் டாக்டர் வாசித்த பத்துச் சொற்கள்தான் பாக்கி.

"தொப்பி" என்றான். "ஏணி. உப்பு. மீன்." கொஞ்சம் நிறுத்தி, "ஜன்னல், கயிறு" என்றான்.

அடுத்தது வரவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை, கண்ணும் தெளிவாகத்தான் இருந்தது. சில்லறை இருக்கும் என்று நம்பிப் பையில் கைவிட்டால் தையல் மட்டும் தட்டுப்படுமே, அப்படி இருந்தது. டாக்டர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். கடைசியில் அவன் தலையை ஆட்டினான்.

அவர் எண்ணை எழுதிக்கொண்டு கோப்பைப் புரட்டினார். "ஆறு. ஜூலையிலயும் ஆறுதான். நடையும் சரியா இருக்கு, வீடியோவுலயும் நீங்க தள்ளாடல. போகலாம் இட்வல்."

டாக்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. கறாரான பெண்மணி, பயிற்சியாளர் கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளாதவர். அவர் முன்னால் இருந்த காகிதம்தான் பொய்க் காகிதம்.

ஒவ்வொரு ஜூலையிலும், ஆட்டப் பருவம் தொடங்குவதற்கு முன்னால், எல்லோருக்கும் இதே சோதனை நடக்கும். அடிபடாத தலையின் மதிப்பெண் அது. பிறகு எப்போது அடிபட்டாலும் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒப்பிடும் எண் குறைவாக இருந்தால் ஆட்டக்காரனுக்கு வசதி. இரண்டு அணியும் தோள்சேர்த்துக் குனிந்து தள்ளும் ஸ்க்ரம்மில் முன்வரிசையில் தலைகொடுத்து முட்டுகிறவர்களுக்குள் இது பல வருஷப் பழக்கம். "ஜூலையில மக்கா இருந்துக்கோ, ஜனவரியில தப்பிச்சுக்கலாம்" என்று ப்ரின்மோர் சொல்லிச் சிரிப்பான். ப்ரின்மோர் என்றால் இட்வலின் வலது தோளில் தோள் சேர்த்துப் பதினொரு வருஷம் முட்டியவன். அதை யாரும் திருட்டு என்று நினைத்ததில்லை. காதைச் சுற்றி நாடா ஒட்டிக்கொள்வதுபோல அதுவும் ஒரு முன்னேற்பாடு, அவ்வளவுதான்.

இட்வலுக்கு அந்த நடிப்பு கொஞ்சம் சிரமம், ஏனென்றால் அவன் ஞாபகசக்தி ஊரறிந்தது. ஊரில் நாலு இட்வல் ஜோன்ஸ் உண்டு. அப்பா ரொட்டி வண்டி ஓட்டியதால் இவன் ரொட்டி இட்வல். பத்து வயதிலேயே எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு எத்தனை ரொட்டி என்று சீட்டு இல்லாமல் சொல்லுவான். ஆட்டத்திலும் அதுதான் அவனைக் காப்பாற்றியது. பந்து கோட்டைத் தாண்டினால் உள்ளே எறிவது அவன் வேலை. யாருக்கு எறிவது என்பதற்கு அறுபது ரகசியக் குறிகள், அவையும் வாராவாரம் மாறும். பதினாறு வருஷத்தில் ஒன்றைக்கூட அவன் மணிக்கட்டில் எழுதிக்கொண்டதில்லை. அவனைவிட வேகமானவர்கள் வந்தார்கள், கனமானவர்கள் வந்தார்கள். நாட்டு அணியின் சிவப்புச் சட்டை அவனுக்கு மூன்றே மூன்று தரம்தான் கிடைத்தது. ஆனால் கிளப்பில் இடம் போகவில்லை. போன ஜூலையில் பத்துச் சொற்களும் நாக்கு நுனியில் நிற்க, ஆறை மட்டும் சொல்லி, நாலை விழுங்கி, தலையைச் சொறிந்து நின்றான். வெளியே வந்ததும் பத்தையும் பையன்களிடம் ஒப்பித்துக் காட்டினான். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இன்று அவன் எதையும் விழுங்கவில்லை. பத்தையும் சொல்லிவிடத்தான் முயன்றான். ஆறுக்கு மேல் அவனிடம் இருக்கவில்லை.

"இன்னும் நாலு நிமிஷம்" என்றார் கதவருகே கடிகாரத்தோடு நின்ற உதவியாளர்.

இட்வல் எழுந்து பல்காப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். மே மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. முப்பத்து நாலு வயது ஆளுக்கு இன்னும் இரண்டு வருஷம் தருவதா என்று சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பயிற்சியாளர் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தார். இதுதான் அந்தச் சனிக்கிழமை. மேலே எங்கேயோ அவன் மனைவி நெரிஸ், மகள் மெலெரியை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு வெளிவரும் சுரங்கவழியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மெலெரியை நினைத்ததும் அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. ஆறு வயதுக்காரிக்கு அது பிரியமான விளையாட்டு. தட்டில் கரண்டி, பொத்தான், பென்சில் என்று பதினைந்து சாமான் வைத்து, ஒரு நிமிடம் காட்டிவிட்டுத் துணியால் மூடிவிடுவாள். எது எது இருந்தது என்று சொல்ல வேண்டும். அப்பாவை ஜெயிக்க முடியவில்லை என்று போன வருஷமெல்லாம் அழுதவள், கிறிஸ்துமஸிலிருந்து ஜெயித்துக்கொண்டிருந்தாள். "நீ விட்டுக் குடுக்குறியா?" என்று நெரிஸ் அடுப்படியிலிருந்து கேட்டாள். ஆமாம் என்றான். அப்படிச் சொன்னபோது அதை அவனே நம்பினான்.

அடுத்தாற்போல் ப்ரின்மோர் நினைவுக்கு வந்தான். வயது நாற்பத்தொன்று, ஆட்டத்தை விட்டாயிற்று. வியாழக்கிழமைகளில் இட்வல் அவனைப் பார்க்கப் போவான். வீட்டில் ஒவ்வொரு அலமாரிக் கதவிலும் அவன் மனைவி சீட்டு எழுதி ஒட்டியிருந்தாள்: கோப்பை இங்கே, சர்க்கரை இங்கே. போன வியாழன் ப்ரின்மோர் வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு, "நீ எந்த டீமுக்கு ஆடுற தம்பி?" என்று மரியாதையாக விசாரித்தான். இட்வல் பதில் சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்து, சாவியைப் போடாமல் ரொம்ப நேரம் அழுதான்.

தலைவலி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைய ஆட்டத்திலிருந்து கழன்றுவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் இரண்டு மூன்று வாரம் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்ப இதே கட்டிலில் வந்து உட்காருவான், திரும்ப ஆறு சொல்லுவான், டாக்டர் திரும்ப ஜூலைக் காகிதத்தைப் பார்ப்பார். அந்தக் காகிதம் ஒவ்வொரு தடவையும் அவனை உள்ளே அனுப்பி வைக்கும். அதை மாற்ற வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஒப்பந்தம் போயிற்று. அதைவிட மோசம், அவனோடு ஜூலையில் தலையைச் சொறிந்த மற்ற ஆறு பேரும் மாட்டுவார்கள். காட்டிக் கொடுத்தவன் என்ற பெயரோடு இந்த ஊரில் ரொட்டி வாங்கக்கூடப் போக முடியாது.

அவன் கதவு வரை போய்விட்டான். ஆணி வைத்த பூட்சு சிமெண்டுத் தரையில் கடகடவென்றது. உதவியாளர் சுரங்கவழிக் கதவைத் திறந்து பிடித்தார். குளிர்காற்றும் பாட்டும் மழைத்தூறலும் ஒன்றாக முகத்தில் அடித்தன. அப்போது, கூப்பிடாமலே, அந்த நாலும் வந்து நின்றன. இன்று தொலைத்தவை அல்ல. ஜூலையில் விழுங்கியவை. ஆறு மாதம் கழித்தும் ஒன்றுகூட மங்கவில்லை. தன் தலை எவ்வளவு நல்ல தலையாக இருந்தது என்று நினைத்துக்கொண்டான்.

திரும்பி நடந்தான். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஊசி" என்றான். "பாலம். வெண்ணெய். சாவி."

டாக்டர் சட்டென்று எழுந்து அவன் தோளைப் பிடித்தார். "உட்காருங்க இட்வல். உட்காருங்க. இன்னைக்கு நான் குடுத்ததுல இதெல்லாம் இல்லையே."

"இன்னைக்கு இல்ல, டாக்டர்" என்றான். "ஜூலையில."

அவருக்குப் புரியவில்லை. அவன் கண்களை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுக் கோப்பைத் திரும்ப எடுத்தார். அவன் எதிரே உட்கார்ந்து கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டான். ஜூலைக் காகிதத்தில் பத்துச் சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருந்தன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம். ஆறு கட்டங்களில் நீல மையில் அவரே போட்ட குறி இருந்தது, மீதி நாலும் காலி. அவர் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. ஊசியில் நின்றது. மறுபடி இறங்கிப் பாலத்தில் நின்றது.

"ரெண்டு நிமிஷம்" என்றார் உதவியாளர் வாசலிலிருந்து. "வர்றாரா, இல்லையா?"

மேலே பாட்டின் கடைசி அடியைக் கூட்டம் இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டரின் விரல் வெண்ணெயைத் தாண்டி, அடுத்த காலிக் கட்டத்தை நோக்கி மெதுவாக இறங்குவதை இட்வல் பார்த்துக்கொண்டிருந்தான்.